டீச்சர் சொன்னாக

சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்தில் முருகேஸ்வரியைப் பார்த்து நீ ஒரு பொறாமைக்காரி என்று யாராவது சொன்னால் அவள் சண்டைக்கு வர மாட்டாள். "ஆமா, பொறாமைக்காரிதான். அதுக்கு என்னங்கிறீக இப்ப?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருப்பாள். உள்ளுக்குள் புகைந்துகொண்டு வெளியே பல்லைக் காட்டுகிற ரகம் இல்லை அவள். புகைந்தால் புகைச்சல் தெரு முழுக்கத் தெரியும்.

பிறந்தது ஏழாயிரம்பண்ணைப் பக்கம். அப்பா ஊரார் காட்டில் ஏர் பிடிக்கப் போவார், அம்மா களை வெட்டப் போவாள். தம்பி பிறந்த அன்றைக்கே தொட்டிலை எட்டி உதைத்தவள் இவள் என்று அவள் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொஞ்ச காலம் அம்மாவோடு களை வெட்டினாள். மழை ஏமாற்றிக்கொண்டே போனதும் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரையும் போல அவளும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாள். பிறகு விஸ்வநத்தத்து அருள்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு, இங்கே வந்து இன்னொரு வேனில் ஏறினாள். வேன்தான் மாறியது, பூச்சட்டிப் பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை மாறவில்லை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுமினுத்துக்கொண்டுதான் இருக்கும்.

அவள் எதற்கெல்லாம் பொறாமைப்பட்டாள் என்று சொல்லத் தொடங்கினால் பொழுது போதாது. கொழுந்தன் பெண்டாட்டி மிக்ஸி வாங்கியதற்குப் பட்டாள். ஒரே அறையில் உட்கார்ந்து மருந்து அடைக்கும் மாடத்திக்கு விரல் வேகமாக ஓடுகிறதே என்று பட்டாள். எதிர்வீட்டுக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் தடிமனாக விழுகிறது என்பதற்குக்கூடப் பட்டிருக்கிறாள். அருள்பாண்டி சிவகாசியில் அச்சாபீஸில் பேப்பர் வெட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். "ஒனக்கு அடுப்பே வேண்டாம்டி, வயித்தெரிச்சல்லயே சோறு பொங்கிரலாம்" என்பார், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊர்தான் இவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. அது மகள் இசைவாணி. அவளுக்குப் பின்னால் இரண்டு முறை வயிற்றில் தங்கி, தங்கிய வேகத்திலேயே கலைந்து போனது. ஆகவே ஒரே பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரி. அதைவிடப் பெரிய விஷயம், அம்மாவிடம் எதையும் மறைக்காத பிள்ளை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாயைத் திறந்தால் படுக்கப் போகும்வரை மூடாது. வகுப்பில் யார் யாரோடு சண்டை, எவள் எவளுடைய டிபனைத் தின்றாள், எல்லாம் முருகேஸ்வரியின் காதுக்கு வந்துவிடும். மற்றப் பெண்கள் தங்கள் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும்போது இவள் மருந்தை அடைத்துக்கொண்டே உதட்டுக்குள் சிரித்துக்கொள்வாள்.

அந்தச் சிரிப்புக்குக் கேடு வந்தது இசைவாணி பிளஸ் டூவுக்குப் போனபோது. சிவகாசியில் அவள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு விலங்கியல் எடுக்க அப்சானா டீச்சர் என்று ஒருத்தி வந்தாள். ஜவுளிக்கடை பீர் முகைதீனின் மகள். கம்பெனிக்குக் கட்டிப் போகிற பருத்திச் சேலைகளை முருகேஸ்வரி எடுப்பதே அந்தக் கடையில்தான். அப்சானா டீச்சருக்கு ஒரு பழக்கம். பாடத்தில் பெரிய சொல் எது வந்தாலும் அதை உடைத்துத் துண்டு துண்டாகப் போர்டில் எழுதுவாள். இந்தத் துண்டு கிரேக்கம், இதற்கு இது அர்த்தம், அந்தத் துண்டும் கிரேக்கம், அதற்கு அது அர்த்தம், இப்போது ஒட்டிப் பாருங்கள், மனப்பாடமே வேண்டாம் என்பாள். பிள்ளைகள் கிறங்கிப் போனார்கள். அதிலும் இசைவாணி சுத்தமாகக் கிறங்கினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது "டீச்சர் சொன்னாக" என்றே முடிந்தது.

"ஆண் செல், பெண் செல் ரெண்டுக்கும் கேமீட்னுதாம்மா பேரு. கிரேக்கத்துல புருசன், பொஞ்சாதின்னு அர்த்தமாம். கல்யாணம் கட்டுறதுங்கிற சொல்லுல இருந்து வந்துச்சாம். டீச்சர் சொன்னாக."

"வயசுப் பிள்ளைக்குச் சொல்லித் தர்ற சங்கதியாடி இது?" என்று முருகேஸ்வரி அதட்டினாள். அதட்டினாளே தவிர, மறுநாள் கம்பெனியில் முதல் வேலையாக அதை மாடத்தியிடம் அளந்துவிட்டாள். மாடத்தி வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "இம்புட்டுச் சங்கதி ஒம் மகளுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?" என்றாள். "அந்த டீச்சர் சொல்லிக் குடுத்துருக்காக" என்று முருகேஸ்வரி சொல்ல வேண்டியதாயிற்று. "கெட்டிக்கார டீச்சரால்ல இருப்பாக போல" என்றாள் மாடத்தி. பேர் டீச்சருக்குப் போய்விட்டது. மத்தியானம் வரைக்கும் முருகேஸ்வரி அவளோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் நுகத்தடி வந்தது. ஆண் செல்லும் பெண் செல்லும் சேர்ந்து ஒன்றானால் அதற்குப் பெயர் சைகோட். பூட்டினது என்று அர்த்தம். கிரேக்கத்தில் சைகோன் என்றால் நுகத்தடி. இரண்டு மாட்டையும் ஒன்றாகப் பூட்டுகிற மாதிரியாம்.

"கிளாஸ்ல ஒருத்திக்கும் நுகத்தடின்னா என்னன்னு தெரியலம்மா. டீச்சர் போன்ல படம் எடுத்துக் காட்டுனாக."

முருகேஸ்வரிக்கு எங்கே பிடித்து எரிந்தது என்று சொல்ல முடியாது. நுகத்தடிக்குக் கீழேயே வளர்ந்தவள் அவள். அவள் அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த வாகு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜவுளிக்கடை வீட்டில் பிறந்தவள் அதைப் படத்தில் காட்டி இவள் மகளுக்கு விளக்குகிறாள். "ஏட்டி, எங்கிட்டக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா? ஒங்க தாத்தா ஆயுசெல்லாம் சொமந்தது அதத்தான்" என்றாள். இசைவாணி, "அப்பிடியா?" என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் புத்தகத்துக்குள் போய்விட்டாள். அந்த ஒற்றை "அப்பிடியா"வை முருகேஸ்வரி ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தாள்.

அதற்கடுத்து ரொட்டி. நஞ்சுக்கொடிக்கு பிளாசென்டா என்று பெயர், அது தட்டையான பணியாரத்துக்கு உள்ள பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லி, டீச்சர் தன் வீட்டிலிருந்து தட்டை ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய் வகுப்புக்கே பிட்டுக் கொடுத்திருக்கிறாள். "அப்பிடி ஒரு ருசிம்மா. வாயில வச்சதும் கரையுது" என்றாள் மகள். சொன்ன நேரம் பாருங்கள், முருகேஸ்வரி அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தோசை கருகியது தானாகக் கருகியதா, கருக விட்டாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். "டீச்சர் வீட்டுக்கே போய்த் தின்னு. இங்கன ஒனக்கு எதுக்குத் தோச?" என்று தட்டைத் தரையில் டங்கென்று வைத்தாள்.

இது எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுக்கு இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. வந்தால் நிற்பதில்லை. நின்றது என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி வருகிறது. கட்டி கட்டியாகப் போகிறது. வேனில் ஏறும்போது கண்ணை இருட்டுகிறது. வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்னால் துணிகளை அலசி, குளியலறைக்குப் பின்னால் பழைய சாக்குக்குக் கீழே காயப்போடுவாள்.

அதற்கு ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது பட்டாசு வேலைக்காரர்களுக்கே உள்ள பிடிவாதம். கம்பெனியில் மருந்து அடைக்கும் அறையில் தலைவலி வந்தாலும் சூடு, கண் எரிந்தாலும் சூடு, பிள்ளை தங்காவிட்டாலும் சூடு. மருந்துச் சூடு உடம்பில் இறங்கிவிட்டது, அது ரத்தமாக வெளியேறுகிறது, வெளியேறிவிட்டால் நல்லதுதான் என்று மாடத்தி சொன்னாள். மாடத்திக்கு அவள் மாமியார் சொன்னது. முருகேஸ்வரி வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினாள், இளநீர் குடித்தாள், தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளித்தாள். சூடுதானே, தணிந்துவிடும் என்று இருந்தாள். வேறு எதற்கெல்லாமோ பயப்படுகிறவள் இதற்குப் பயப்படவில்லை.

ஒரு நாள் ராச்சாப்பாட்டின்போது இசைவாணி புதிதாக ஒன்று சொன்னாள். "ஹிஸ்டெரான்னா கிரேக்கத்துல கர்ப்பப்பை. அந்தக் காலத்து வைத்தியருக எல்லாம், கர்ப்பப்பை ஒரு எடத்துல நிக்காம உடம்புக்குள்ள அலையுது, அதனாலதான் பொம்பளைகளுக்குக் கோவமும் படபடப்பும் வருதுன்னு நெனச்சாகளாம். டீச்சர் சொன்னாக."

அருள்பாண்டி சோற்றிலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சத்தம் வராமல் சிரித்தார்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. அப்பனுக்கும் மகளுக்கும் சிரிக்கிறதுக்கு ஒரு டீச்சர் கெடச்சுட்டாக."

"அம்மா, ஒனக்கு அடிவயித்துல வலி இருக்கா?" என்று இசைவாணி திடீரென்று கேட்டாள்.

"எனக்கு என்ன வலி? சூடு. தின்னுட்டு எந்திரி."

தீபாவளிக்குப் பிறகு கம்பெனியைக் கொஞ்ச நாள் மூடினார்கள். வீட்டில் இருந்தால் மகளோடு பழையபடி பேசலாம் என்று முருகேஸ்வரி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆனால் இசைவாணி பள்ளிக்கூடம் விட்டதும் வருவதில்லை. ஸ்பெஷல் கிளாஸ், சந்தேகம் கேட்டேன், பஸ் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மா அசந்திருக்கும்போது அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவள் திரும்பினால் கண்ணை எடுத்துக்கொள்வாள்.

அந்த வாரம்தான் மாடத்தி வந்து பற்றவைத்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சந்தைக்குப் போய்விட்டு வந்தவள் கண்டதைச் சொன்னாள். "ஒம் மகளும் அந்த டீச்சரும் பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுல ஒக்காந்துருந்தாக முருகேஸ்வரி. டீச்சர் தோள்ல ஒம் மக சாஞ்சிருந்தா. அவுக தலையத் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தாக. பெத்த தாய் மாதிரி இருந்துச்சு பாக்க."

பெத்த தாய் மாதிரி. முருகேஸ்வரிக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. பிள்ளையைப் பெற்றவள் இங்கே சாக்குக்குக் கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருக்க, பெறாதவள் அங்கே தலையைத் தடவுகிறாள். மகள் தன்னிடம் சாய்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அதுதான் தாங்கவில்லை. இருந்த ஒரே பிள்ளையையும் கண் முன்னாலேயே ஒருத்தி சொல்லைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போகிறாள் என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு லீவு, டீச்சர்களுக்கு மட்டும் வேலை. பக்கத்துத் தெருவில் வயிற்றுவலியோடு படுத்திருந்த அத்தை ஒருத்திக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வரச் சொல்லி இசைவாணியை அனுப்பினாள். அவள் தெருவைத் தாண்டியதும், இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். என்ன பேச வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். இனிமேல் ஸ்பெஷல் கிளாஸுக்கு அனுப்ப மாட்டேன். கிரேக்கமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தேவைப்பட்டால் பள்ளிக்கூடத்தையே மாற்றிவிடுவேன்.

அப்சானா டீச்சர் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. முருகேஸ்வரி மனதில் வைத்திருந்தது உயரமான, மினுக்கான ஒருத்தியை. எதிரில் இருந்ததோ கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த, தூக்கம் பற்றாத ஒரு பெண். அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை.

"நான் இசைவாணி அம்மா."

டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "வாங்க, வாங்கக்கா. உக்காருங்க. நீங்க எப்ப வருவீங்கன்னு எவ்வளவு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

"நான் உக்கார வரல டீச்சர். எம் மகள இனி சாயங்காலம் நிப்பாட்டி வைக்காதீக. பாடம் சொல்லிக் குடுக்கிறதுதான் ஒங்க வேல. தோள்ல சாச்சுக்கிறது, தலையத் தடவுறது, ரொட்டி சுட்டு ஊட்டுறது எல்லாம் பெத்தவ செய்ய வேண்டியது. பெத்தவ நான் உசிரோடதான் இருக்கேன்."

டீச்சரின் முகம் சுண்டிப் போனது. ஆனால் அவள் சண்டை போடவில்லை.

"அவ எங்கிட்ட என்ன கேக்க வர்றான்னு உங்களுக்குச் சொல்லவே இல்லையாக்கா?"

"என்னத்தக் கேப்பா? கிரேக்கம் கேப்பா."

"ஆமா, கிரேக்கந்தான். பாடத்துல இல்லாத சொல்லெல்லாம் கேப்பா. முதல் முதலா வந்து, மாசாமாசம் வர்ற ரத்தம் நிக்காமப் போனா அதுக்குப் பேரு என்ன டீச்சர்னு கேட்டா. மெனோரேஜியான்னு சொன்னேன். உடச்சுக் காட்டுங்கன்னா. மெனோன்னா மாசம், ரேஜியான்னா வெடிச்சுப் பாயுறதுன்னு எழுதிக் காட்டினேன். வழக்கமா அப்படி எழுதினதும் சிரிப்பா. அன்னைக்கு வெடிக்கிறதுங்கிற சொல்லப் பாத்ததும் ஆள் வெளிறிப் போயிட்டா. அப்பறமா, இது யாருக்குடின்னு கேட்டேன். எங்கம்மாவுக்கு டீச்சர், மருந்துச் சூடுன்னு சொல்லுது, சூடு இப்படிப் போகுமா, போனா செத்துப் போயிருமான்னு கேட்டா."

முருகேஸ்வரி உட்கார்ந்துவிட்டாள்.

"துணியெல்லாம் ஒளிச்சுக் காயப்போடுறீங்களாமே. அவ எடுத்துப் பாத்திருக்கா. அதுக்கப்பறம் தினமும் வந்து கர்ப்பப்பையப் பத்தித்தான் கேப்பா. சூடு எல்லாம் இல்லக்கா. இந்த வயசுல கர்ப்பப்பையில கட்டி இருந்தா இப்படிப் போகும். ஸ்கேன் எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும். பெரும்பாலும் சரி பண்ணிரலாம், ஆனா டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். அம்மாவக் கூட்டிட்டு வான்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். சீசன் முடியட்டும், அம்மா ஏசும்னே சொல்லிக்கிட்டு இருந்தா. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல, நீங்க வேன் ஏறும்போது தடுமாறினதைச் சொல்லி அப்படி ஒரு அழுகை."

கட்டி, ஸ்கேன், டாக்டர் எல்லாம் முருகேஸ்வரியின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவள் கடைசிச் சொல்லிலேயே நின்றாள்.

"அழுதாளா?"

"ரொம்ப."

"ஒங்ககிட்டயா?"

முருகேஸ்வரிக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது, கன்னத்தில் ஒன்று விடவும் தோன்றியது. இரண்டும் உண்மை. தனக்காக மகள் அழுத அழுகை, அது தனக்குச் சேர வேண்டியது. அதையும் இவளே வாங்கி வைத்துக்கொண்டாள். "திங்கக்கிழம நானே உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வரேன்க்கா" என்றாள் டீச்சர். "நீங்க வர வேண்டாம். எம் மக வருவா" என்று சொல்லிவிட்டு முருகேஸ்வரி எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, "கோவிச்சுக்கிறாதீக" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது இசைவாணி அடுப்படியில் பருப்பு வேகப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கட்டியிருந்த சேலையைப் பார்த்ததும் எங்கே போய்விட்டு வருகிறாள் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. முருகேஸ்வரி சேலையைக்கூட மாற்றாமல் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு என்ன செய்யுதுன்னு ஊர்ல இருக்கிறவுககிட்ட எல்லாம் கேட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?"

"கேட்டேம்மா. சூடுன்னு சொன்ன."

"சரி, நான் சூடுன்னே சொன்னேன். அழுகை வந்துச்சுல்ல? அத எங்கிட்ட வந்து அழ வேண்டியதுதான? அந்தப் பொம்பள தோள்ல போயி எதுக்கு அழுத? நான் செத்தா போயிட்டேன்?"

இசைவாணி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒங்கிட்ட எப்பிடிம்மா அழுக? ஒங்கிட்ட அழுதா, நீ செத்துருவியோன்னு நான் பயந்துக்கிட்டு இருக்கிறது ஒனக்குத் தெரிஞ்சிரும்ல."

பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. இத்தனை மாதமாக இந்தப் பிள்ளை அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, தோசையைக் கருக்கித் தட்டை டங்கென்று வைத்தவளின் எதிரில் உட்கார்ந்து தின்றிருக்கிறாள் என்பது முருகேஸ்வரிக்கு மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது.

"இங்கன வா" என்றாள். மகளின் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். "சொல்லு. அந்தச் சொல்லு என்ன? அந்தம்மாகிட்டக் கேட்ட எல்லாத்தையும் மொதல்ல இருந்து எனக்குச் சொல்லு. ஒடச்சு ஒடச்சுச் சொல்லு."

இசைவாணி சொல்லத் தொடங்கினாள். ஹிஸ்டெரா என்றாள். மெனோ என்றாள். அதுக்கு மாசம்னு அர்த்தம்மா என்றாள். அடுத்த துண்டைச் சொல்ல வரும்போது குரல் உடைந்து, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சிறு பிள்ளையில் அழுத மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். முருகேஸ்வரியின் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. மகளின் தலையைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்த நேரத்தில் கேட்கக் கூடாது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"இம்புட்டும் அங்கன அழுதியாடி?"

"இல்லம்மா" என்றாள் இசைவாணி, தோளுக்குள்ளிருந்தே. "அங்கன கொஞ்சந்தான்."

"அப்ப அழு" என்று முருகேஸ்வரி அவளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எல்லாத்தையும் இங்கனயே அழு. திங்கக்கிழம ரெண்டு பேரும் டாக்டரம்மாவப் பாக்கப் போவோம்."